தானாகப் பிடித்த பிரேக்

"ஐயோ... தம்பீ!"

உதயகலா போட்ட சத்தத்தில் உடுவில் சந்திக் கடைகளில் நின்ற சனமெல்லாம் ஓடி வந்தது.

அவளுக்கு இரண்டு முழம் முன்னால் கணவன் சுதாகரனின் கார் நின்றது. பின்கண்ணாடி தூள் தூள்! அதன் கீழே ஒரு மோட்டார் சைக்கிள். அதற்குப் பக்கத்தில்... பார்த்தீபன்!

அவளுடைய ஒரே தம்பி. முப்பத்தொரு வயது. வேலைக்குப் போகிற வழியில் அத்தானின் காரைக் கண்டு பின்னாலேயே வந்தவன். தலையில் ஹெல்மெட் இருந்தது. உடம்பில் உயிர்தான் இல்லை!

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்தது. சொந்தபந்தம் எல்லாம் கலைந்து போயிற்று. உதயகலா மட்டும் சோறு தண்ணீர் இல்லாமல் தம்பியின் படத்துக்கு முன்னால் கிடந்தாள்.

"என்னாலைதான் அவன் போனவன்... என்னைக் காப்பாத்தத்தானே இவர் சடாரெண்டு பிரேக் அடிச்சவர்? நான் அதிலை நில்லாட்டில் என்ரை தம்பி இண்டைக்கு உயிரோடை இருப்பான்!"

வந்தவர் போனவர் எல்லோரிடமும் இதையே சொல்லி அழுதாள். பாவம், தொண்டையும் கட்டிப்போயிற்று.

"விடு கலா... எல்லாம் விதி," என்றான் சுதாகரன்.

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் இன்ஸ்பெக்டர் தாரிகா.

"சுதாகரன், ஒரேயொரு கேள்வி. அண்டைக்குப் பிரேக்கை மிதிச்சது ஆர்?"

இதுவும் ஒரு கேள்வியா!

"நான்தான் மிஸ்! நாயொண்டு குறுக்காலை ஓடினது. காரை வெட்டினன். பாத்தா முன்னுக்குக் கலா... உடனை அமத்திப்போட்டன்!"

"இல்லை."

"என்ன இல்லை?"

"உங்கடை கார் ஆள் முன்னுக்கு நிண்டால் தானாப் பிரேக் பிடிக்கிற கார். நடந்ததைப் பதியிற பெட்டி ஒண்டும் உள்ளுக்கை இருக்கு. அதைக் கழட்டிப் பாத்தனாங்கள். உங்கடை கால் பிரேக்கிலை படவே இல்லை. கடைசி வரைக்கும் அக்சிலேற்றரிலைதான் இருந்தது!"

உதயகலா மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"ப... பதட்டத்திலை கால் மாறிப் போச்சு மிஸ்!"

"கால் மாறினது சரி... கையுமோ? றோட்டை விட்டு ஆறடி தள்ளி, மதிலோடை நிண்ட மனுசியை நோக்கி எதுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினீங்கள்? எதிர்க் கடைக் கமராவிலை நாயும் இல்லை, பூனையும் இல்லை!"

சுதாகரன் வாசலைப் பார்த்தான்.

"என்னைக் காரிலை ஏத்தத்தான் வாறார் எண்டு நினைச்சன்..." என்றாள் உதயகலா. "சிரிச்சுக் கையும் காட்டினனான் மிஸ்."

தாரிகா அவளுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"உந்தப் பிரேக்கை முழுசா நம்பேலாது அக்கா. இருட்டு, மழை எண்டால் பிழைக்கும். கடும் வேகத்திலை வந்தாலும் நிக்காது. அண்டைக்கு நல்ல வெயில், நீங்கள் தப்பினீங்கள். ஆனா அது முன்னுக்கு நிக்கிற ஆளைத்தான் பாக்கும். பின்னாலை வந்த தம்பியை அதுக்குத் தெரியாது... இவர் உங்களிட்டை விவாகரத்துக் கேட்டவரோ?"

"ஓம்... மூண்டு மாசமா. நான் ஏலாது எண்டிட்டன்."

சுதாகரன் பொத்தென்று நிலத்தில் உட்கார்ந்தான். மச்சான்மேல் அவனுக்கும் உயிர்தான். அது பொய்யில்லை.

"சத்தியமா பார்த்தீபன் பின்னாலை வாறது எனக்குத் தெரியாது மிஸ்! தெரிஞ்சிருந்தா அண்டைக்கு நான்..."

நாக்கைக் கடித்தான்.

"அண்டைக்கு விட்டிட்டு வேறை நாள் பாத்திருப்பீங்கள். அப்பிடித்தானே?"

தாரிகா விலங்கை எடுத்தாள்.

உதயகலா தம்பியின் படத்தைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். தம்பி சாவுக்குத் தான் காரணம் இல்லை... எட்டு நாள் பாரம் இறங்கியது. ஆறுதல் வந்ததே என்று வெட்கப்பட்டு, அதற்கும் சேர்த்து அழுதாள்.

விலங்கு மாட்டிய கையோடு சுதாகரன் ஜீப்படியில் திரும்பினான்.

"கலா... என்னை மன்னிச்சுக்கொள்ளு!"

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"காரிட்டைக் கேளுங்கோ. தானாப் பிரேக் பிடிச்சது... தானா மன்னிக்குதோ எண்டும் பாப்பம்!"