கறி வாசனை எங்கிருந்து வந்தது?

"பையில என்னா?"

வளன் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் ஆர்த்தியின் அம்மா கேட்டுவிட்டார். சிவப்புப் புடவை கட்டி, கழுத்தில் சக்தி மாலை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருமுடி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். அதுவரை வீட்டில் கறி, மீன் எதுவும் கூடாது. ஆர்த்திகூட அம்மாவை 'சக்தி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

"கருப்புக் காராமணி ஆன்ட்டி... இல்ல, சக்தி. நாளைக்கு ஸ்கூல்ல உணவுத் திருவிழா. எனக்கும் ஆர்த்திக்கும் பிரேசில் வந்திருக்கு. அந்த ஊரு ஃபெய்ஜோவாடா கொழம்பு பண்ணப் போறோம்."

"அதுல பன்னிக்கறி போடுவாங்களாமே? செல்லுல பார்த்தேன்."

"நாங்க மீல் மேக்கர்தான் போடுவோம்மா... சக்தி!" என்றாள் ஆர்த்தி.

அம்மா பையைக் கவிழ்த்துப் பார்த்தார். காராமணி, மீல் மேக்கர், கத்தரிக்காய், ஆரஞ்சு. ஆரஞ்சைக்கூட உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நம்ம குண்டான்லதான் ஆக்கணும். எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, கொழம்பு தென்னமரத்துக்குப் போயிடும். திருவிழாவும் கெடையாது."

நாற்காலியை அடுப்பங்கரையிலேயே போட்டு உட்கார்ந்தும்விட்டார். காராமணி வெந்தது. மீல் மேக்கர் வதங்கியது. அம்மா அசையவில்லை. கடைசியில் மாடு கத்தவே, பால் கறக்க எழுந்து போனார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கு இப்படியும் அப்படியும் போனது.

"அடப்பாவி! நான் அப்பால போனதும் என்னாடா போட்ட?"

"சுட்ட கத்தரிக்கா ஆன்ட்டி, மிளகு சீரகம் போட்டது. புகை வாசனைக்கு."

"யாருகிட்ட கதை வுடற? இது கறி வாசனை! இதோ பாரு, ஈரல் துண்டு மாதிரியே மெதக்குது!"

வளனின் கண்கள் கலங்கின. "நெசமா போடல ஆன்ட்டி. ஆர்த்தி, நான் வீட்டுக்குப் போறேன்" என்று பையை எடுத்தான்.

ஆர்த்திக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு தப்பும் செய்யாத வளன் எதற்காகப் போக வேண்டும்? அம்மாவோ குண்டானைத் தூக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

மீதி இருந்த இரண்டு கத்தரிக்காய்களில் ஒன்றை எடுத்து, ஆர்த்தி அம்மாவின் கையில் வைத்தாள்.

"ஊத்தறதுன்னா ஊத்துங்க சக்தி. அதுக்கு முன்னாடி இத நீங்களே சுடுங்க."

"எதுக்குடி?"

"சுடுங்களேன்!"

முணுமுணுத்துக்கொண்டே அம்மா கத்தரிக்காயை நெருப்பில் வாட்டினார். தோல் கருகி வெடித்தது. ஆர்த்தி சொன்னபடி தோலை உரித்து, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தார்.

"இப்போ உங்க கைய மோந்து பாருங்க."

அம்மா மோந்தார். முகம் மாறியது. இன்னொரு முறை மோந்தார். மாலை போட்ட சக்தியின் கையிலேயே கறி வாசனை!

"அய்யய்யோ" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு வளனின் பையை வாங்கிக் கீழே வைத்தார். "உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே. மனசுல வச்சுக்காத கண்ணு. ஒக்காரு, மொதல் தட்டு உனக்குத்தான்."

வளன் ஒரு வாய்கூட வைத்திருக்க மாட்டான், வெளியே சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அப்பா வேகமாக உள்ளே வந்தார்.

"என்னா அநியாயம் இது! மாலையப் போட்டுக்கினு கறியா ஆக்கறீங்க? தெருமுனை வரைக்கும் மணக்குது!"

அம்மா கடைசிக் கத்தரிக்காயை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

"மொதல்ல இத சுடுங்க."