ஏழாவது நாற்காலி

பெட்டியோடு அந்த வீட்டில் போய் இறங்கியபோது காலை ஏழரை மணி. மருந்து எடுத்துக்கொண்டே போதையிலிருந்து மீள்கிறவர்கள் தங்கும் பழைய வீடு. பினாயில் வாசனை, ஈரச் சுவர், நீளமான ஒரு கூடம். நான் கிரேன் ஓட்டியவன். முதுகில் அடிபட்டு வலி மாத்திரைக்குப் பழகினேன். வலி போனது, மாத்திரை போகவில்லை. மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் மகளைக் கூட்டி வருவதாக மனைவி சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் வந்தேன்.

நர்ஸை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கறாராகச் சொன்னார்: "எட்டு மணிக்கு மாத்திரை. நாக்குக்கு அடியில வைங்க. பத்து நிமிஷம் பேசக்கூடாது, முழுங்கக்கூடாது. அப்புறம் டார்ச் அடிச்சு வாயைப் பார்ப்பேன். ஏமாத்தினா பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

டீச்சருக்குப் பயந்த பிள்ளைகள் மாதிரி ஆறு தடியன்கள் வாயை மூடி உட்கார்ந்தோம். நாற்காலிகள் ஏழு. ஏழாவது என் பக்கத்தில் காலியாக இருந்தது.

கசப்பு மெல்லப் பரவியது. கடிகாரம் மட்டும் ஓடியது.

"துப்பிடு."

காதோரம் ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

"இதுவும் போதைதான்டா. துப்பிட்டு மனுஷனா இரு."

போன வாரம் என் அண்ணன் போனில் சொன்னதும் இதையேதான். அப்போது எரிச்சல் வந்தது. இப்போது சரிதானே என்று பட்டது, அதுதான் எனக்குப் பயம். கை தானாக வாய்க்கு எழுந்தது. அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன்.

பிறகு அந்தக் குரலைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். அவர் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"அது இங்க தங்கியிருந்த கட்டட மேஸ்திரியோட சேர். இதுவும் போதைதான்னு வீட்டுல இருக்கிறவங்க சொல்லிச் சொல்லி, அவர் எனக்குத் தெரியாம தினம் துப்பிட்டு வந்திருக்கார். அப்புறம் தாங்க முடியாம பழைய போதையையே பழைய அளவுல ஏத்திக்கிட்டார். உடம்பு தாங்கல, போய்ச் சேர்ந்துட்டார்."

"சேரை எடுத்துடலாமே, அக்கா?"

"மூணு தடவை வெளிய போட்டேன்," என்றார் மெல்ல. "காலையில இங்கதான் இருக்கு."

எண்பத்தெட்டு நாள் கையைத் தொடைக்கடியில் வைத்தே மாத்திரையைக் கரைத்தேன். மறுநாள் மகள் வருகிறாள் என்றிருந்தபோது புதிதாக ஒரு பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். அவருக்கு அந்தக் காலி நாற்காலிக்கு அப்புறம் இடம் போட்டார்கள்.

மூன்றாவது நிமிஷம் டிரைவர் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார்.

கை வாய்க்குப் போனது.

கத்தினால் என் மாத்திரை வீணாகிவிடும். காலி நாற்காலிக்கு மேலாகக் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரல்களில் தட்டுப்பட்டது அவர் தோல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கை அவர் கையை வாய்க்குத் தூக்கிக்கொண்டிருந்தது. சொரசொரப்பான, ஈரமான கை.

விடாமல் இழுத்தேன். சட்டென்று அது டிரைவரை விட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிஷம் முடிந்து அக்கா டார்ச் அடித்தார். எல்லோர் வாயிலும் மாத்திரை கரைந்திருந்தது. அன்று முழுக்க நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் மகள் ஓடி வந்தாள். அழுதுவிட்டேன். என் கையைப் பிடித்தவள் உடனே விட்டுவிட்டாள்.

"என்னம்மா?"

"உங்க கையெல்லாம் ஈர சிமென்ட், அப்பா."