பத்து ஷில்லிங் கோட்டை

ஹில்டாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அண்ணன் நார்மனின் ஆல்பத்தில் ஒரு நீல நிறத் தபால் தலை இருந்தது. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியது. அதில் ஒரு கோட்டை, பக்கத்தில் ராணியின் முகம், விலை பத்து ஷில்லிங், அதாவது நூற்றிருபது பென்னி. லீட்ஸிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போட மூன்று பென்னி போதும். அப்படியிருக்க இது யாருக்காக?

"யானைக்கு," என்றான் நார்மன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நெத்தியில ஒட்டி அனுப்பிடுவாங்க."

"புளுகாத!"

"நம்பாட்டி போ."

நார்மன் அதைப் பிறந்தநாள் காசில் வாங்கியிருந்தான். முத்திரை படாத புத்தம் புதியது. தும்மல் வந்தால்கூட ஆல்பத்தை மூடிவிட்டுத்தான் தும்முவான்.

ஹில்டாவுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய தோழி பெரிலுக்கு ஊசி என்றால் பயம். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று பெரில் சொன்னதை ஹில்டா வகுப்பில் உளறிக் கொட்டிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பெரில் அவளோடு பேசுவதில்லை. பெரில் இல்லாத பள்ளிக்கூடம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

ஹில்டா மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். மூன்று பென்னி தபால் தலை ஒட்டினால் அது கேஸ் பில் மாதிரி இருக்குமே, பெரில் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டால்? நார்மன் பந்து விளையாடப் போனதும் ஆல்பத்தைத் திறந்தாள். கோட்டையை எடுத்து, எச்சில் தொட்டு ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் தபால்காரர் பிளாக்பர்ன் பெட்டியைத் திறக்க வந்தார். ஒரு உறையை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒத்தக் காகிதத்துக்குப் பத்து ஷில்லிங்கா! எந்த மகராசன் ஒட்டுனது?"

"நான்தான், மிஸ்டர் பிளாக்பர்ன். சீக்கிரம் போகுமில்ல?"

"எல்லாம் ஒரே மூட்டை, ஒரே சைக்கிள்தான் பாப்பா."

"அப்போ இவ்வளவு பெரிய ஸ்டாம்ப் எதுக்கு?"

"கனமான பார்சலுக்கு. ஏரோப்ளேன்ல ஆஸ்திரேலியாவுக்கு பூட்ஸ் அனுப்புறாங்கன்னு வை. எல்லாத்தையும் மூணு பென்னி ஸ்டாம்ப்பா ஒட்டினா, விலாசம் எழுத இடம் எங்க இருக்கும்? அந்தக் காலத்துல தந்திக் காசுக்கும் பெரிய ஸ்டாம்ப்தான். தந்தி எழுதின தாள்லயே ஒட்டி, முத்திரை குத்தி, ஆபீஸ்லயே வச்சுப்பாங்க."

"அந்த ஸ்டாம்ப் எங்கயும் போகாதா?"

"போகாது."

எங்கேயும் போகாத தபால் தலையா! ஹில்டாவுக்கு இருந்த குழப்பம் இரண்டு மடங்கானது. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. நார்மனின் கோட்டையை வீணடித்துவிட்டாள்.

"அதைத் திருப்பித் தந்துடுங்களேன்!"

"பெட்டிக்குள்ள விழுந்துட்டா யார் கேட்டாலும் தரக்கூடாது. பேரு எழுதியிருக்கிறவங்க வீட்டுக்குத்தான் போகும்."

வீட்டுக்கு வந்து நார்மனிடம் உண்மையைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என் கோட்டை! காலையில பெரில் வீட்டு வாசல்ல போய் நில்லு. ஸ்டாம்ப் இல்லாம திரும்பி வந்தே, தெரியும் சேதி!"

பெரில் வீடு எங்கேயோ இல்லை, எதிர்வீடுதான். மறுநாள் காலை ஹில்டா மணியை அடித்தாள். கையில் கடிதத்தோடு பெரில் கதவைத் திறந்தாள். உறை பிரிந்திருந்தது. தபால் தலையைக் கேட்டால், அதற்காகத்தான் வந்தாள் என்று பெரில் நினைப்பாள். கேட்காவிட்டால் நார்மன் சும்மா விடமாட்டான்.

"நான் சொன்னது ரொம்பத் தப்பு பெரில். மன்னிச்சுடு," என்றாள். தபால் தலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெரில் அவளைத் தாண்டி எதிர்வீட்டைப் பார்த்தாள். "உங்க அண்ணன் எதுக்கு ஜன்னல்ல நின்னு கையைக் காலை உதறிக்கிட்டு இருக்கான்?"

வேறு வழியில்லை. ஹில்டா எல்லாவற்றையும் சொன்னாள். "ஆனா நீ ஸ்டாம்ப்பைத் தர வேணாம். அது உனக்கு வந்தது. அவன் பூட்ஸுக்கெல்லாம் பாலிஷ் போட்டாவது நான் கடனைத் தீத்துக்கறேன்."

பெரிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உள்ள வாடி, லூசு!"

தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலின் ஆவியில் இருவரும் உறையைக் காட்டினார்கள். கோட்டை மெல்ல உரிந்து வந்தது. அதன்மேல் கறுப்பாய் ஒரு வட்ட முத்திரை. நார்மன் ஒரு வாரமாவது முணுமுணுப்பான். பாலிஷ் போடும் வேலையும் நிச்சயம்.

"ஸ்டாம்ப் அவனுக்கு, கடிதம் எனக்கு," என்றாள் பெரில். "எதிர்வீட்டுக்கு எதுக்குடி தபாலு? வந்து கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"தட்டியிருந்தா திறந்திருப்பியா?"

பெரில் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன். ஆனா கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருந்திருப்பேன்."