கதவுக்கு வெளியே இருபத்து மூன்று பேர்

ஆற்றகம் என்ற அந்தச் சிகிச்சை வீட்டில் அன்று வெங்காயம் உரிக்கும் முறை அமலியுடையது. பன்னிரண்டு பேருக்கான சாம்பாருக்கு ஒரு சொளகு நிறையச் சின்ன வெங்காயம். வலது கையில் கத்தியைப் பிடித்திருந்தாள். ஐந்து மாதங்களுக்கு முன் இந்த மலைக்கு வந்தபோது அந்தக் கையால் ஒரு கரண்டியைக்கூடத் தூக்க முடியாது. நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று மருத்துவமனைகள் எழுதிக் கொடுத்திருந்தன. ஆனாலும் கை எழும்பாது.

பாதி உரித்திருந்தபோது அவள் மணிக்கட்டில் இருந்த துடிப்பட்டை சூடாயிற்று.

கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வீட்டில் எல்லோர் கையிலும் அந்தப் பட்டை உண்டு. ஒருவருடைய உடம்பு பயந்து துடிக்கத் தொடங்கினால் மற்ற பதினொரு பேரின் பட்டைகளும் சூடாகும். அருகில் இருப்பவருக்குச் சூடு அதிகம். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை, காரணம் கேட்கவும் கூடாது. உட்கார்ந்தால் போதும். வீட்டின் ஒரே கட்டாய விதி அதுதான்.

வராந்தாவில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மிக்கேல் இருந்தான். அவன் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது இருக்கும். கழுத்தெல்லாம் வியர்வை. அமலி அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பலா மரத்தடியில் யாரோ சருகு பெருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் பட்டை ஆறிற்று.

"பொங்கல் ஆயிட்டு தம்பி. ஆறுறதுக்குள்ள சாப்பிட வாங்க," என்றாள்.

அவன் இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

வெளி உலகத்தில் இப்படிப்பட்ட பயம் ஆற இவ்வளவு நாள் ஆவதில்லை. கடல் உள்ளே வரத் தொடங்கி, கரை நெடுகச் சுவர்கள் எழுந்த பிறகு பேரிடர்கள் மாதம் ஒன்று என்று ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஊர் ஊராக உட்கார்ந்து அழ யாருக்கும் நேரமில்லை. அதற்காக வந்ததுதான் அமைதி ஊசி. ஒரு மணி நேரத்தில் கண்ணில் ஒட்டிய காட்சி மங்கிவிடும், மறுநாள் வேலைக்குப் போகலாம். அதனுடன் காட்சி நீக்கச் சட்டமும் வந்தது. பேரிடரின் படம், காணொளி எதுவானாலும் ஒரே நாளில் அழிக்கப்பட்டுவிடும். பார்த்தவர்கள் மறந்தார்கள். பார்க்காதவர்கள் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை.

ஊசி பலிக்காதவர்கள் மட்டும் ஆற்றகத்துக்கு வந்தார்கள். அமலிக்கு இரண்டு முறை போட்டார்கள். இரண்டு முறையும் காட்சி ஒரு வாரத்தில் பழையபடி திரும்பி வந்தது. மிக்கேலுக்குப் போடவே முடியவில்லை. அவன் எதையும் பார்த்திருக்கவில்லை. இல்லாத நினைவை எந்த ஊசியாலும் அழிக்க முடியாது.

ஜவ்வாது மலையில் இந்த இடத்தை யோசித்தே தேர்ந்தெடுத்திருந்தார்கள். எந்தச் சன்னலிலிருந்தும் நீர்நிலை எதுவும் தெரியாது. குழாய்களில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். எல்லோரும் காலை நடைக்குப் போன பிறகே தொட்டி நிரப்புவார்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், நாளுக்கு ஒரு மணி நேரம் டாக்டர் நசீமாவுடன் பேச்சு. முதல் மாதம் அமலி அந்த ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. நசீமாவும் அவசரப்படுத்தவில்லை, சேர்ந்து பேசாமல் இருந்தார். இரண்டாம் மாதம் அமலி தூங்கினாள். மூன்றாம் மாதம் ஒருநாள் பக்கத்துத் தட்டில் தானாகவே ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். கை எழும்பிவிட்டது என்பதை மேசையில் வேறு யாரோ சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

புதிதாக வந்தவர்களிடம் பத்து நாள் ஊர், பேர், நடந்தது எதையும் கேட்கக் கூடாது என்பது வீட்டின் வழக்கம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பத்தாம் நாள் மதியச் சாப்பாட்டில் மிக்கேல் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே தானாகச் சொன்னான்.

"எங்க ஊரு சங்குமுனை. சுவருக்கு வெளிய, மிதவைக் குடியிருப்பு. மீன் பண்ணை வச்சிருந்தோம். மோட்டாருக்குச் சாமான் வாங்க நான் திருநெல்வேலி போயிருந்தேன். பொண்டாட்டியும் பையனும் அங்க இருந்தாவ."

அமலியின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. மேசையைச் சுற்றி எல்லோருடைய பட்டையும் சூடாயிற்று. அவளுக்கு மிக அருகில் இருந்தவன் மிக்கேல்தான். பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி எதுவும் கேட்கவில்லை. அவன் தோள் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளால் விலகவும் முடியவில்லை.

அன்று பிற்பகல் அமலி நசீமாவின் அறைக்குப் போனாள்.

"என்னை வேற வீட்டுக்கு அனுப்பிடுங்க டாக்டர்."

"அனுப்பலாம். கொல்லிமலை வீட்டுல ஒரு இடம் இருக்கு. நாளைக்கே வண்டி சொல்றேன். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"அந்தத் தம்பி சங்குமுனை."

நசீமா பேனாவைக் கீழே வைத்தார். அமலி சங்குமுனைக் கடற்சுவரின் கதவு இயக்குநராக இருந்தவள் என்பது இந்த மலையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவள் பெயரைச் சட்டம் மறைத்து வைத்திருந்தது.

அலை வருவதை எந்திரம் கண்டுபிடிக்கும். எத்தனை நிமிடத்தில் வரும், கதவைத் திறந்து வைத்தால் உள்ளே எத்தனை பேர் சாவார்கள், மூடினால் வெளியே எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்கையும் அதுவே போடும். மூடுவதை மட்டும் அதனிடம் விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்குப் பெயர் மனித ஒப்புதல். அன்று பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு மனிதர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சுவருக்கு உள்ளே பதினோராயிரம் பேர். மிதவைப் பாலத்தில் கதவை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அமலி வலது கையால் பொத்தானை அமுக்கினாள். விசாரணைக்குழு அவள் செய்தது சரி என்றது. அதிகாரிகள், பாதிரியார், அவளுடைய அண்ணன், எல்லோரும் அதையே சொன்னார்கள். யார் சொல்லியும் கை எழும்பவில்லை.

"அவருக்கு என்ன வேணும்னு அவரே என்கிட்ட சொல்லியிருக்கார்," என்றார் நசீமா. "அதை உங்ககிட்ட சொல்றது சரியில்ல. நீங்க போறதுன்னா போகலாம், தப்பே இல்ல. இருக்கறதுன்னா அவசரம் இல்ல. ரெண்டு பேரையும் தயார் பண்ணாம எதுவும் நடக்காது."

"நான் பாத்தத அவருகிட்ட சொன்னா அவரு செத்துருவாரு டாக்டர்."

"தெரியாததால இப்ப அவர் என்ன ஆகிட்டு இருக்கார்னு நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கீங்களே."

மறுநாள் வண்டி வரவில்லை. அமலி அதைக் கேட்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. நசீமா மிக்கேலிடம் தனியாகப் பேசினார். அந்தப் பிற்பகலைப் பார்த்த ஒருவர் இருக்கிறார், கேட்க விரும்புகிறீர்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வேண்டும் என்று உடனே சொன்னான். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார். அப்போதும் அதையே சொன்னான். அலை வரும்வரை கேமராத் திரையில் பார்த்த அந்த நான்கு நிமிடங்களை அமலி தினமும் நசீமாவிடம் சொல்லிப் பழகினாள். முதல் நாள் இரண்டு வாக்கியங்களில் நின்றுபோனாள். கடைசி நாள் முடிவுவரை சொன்னாள்.

கிழக்கு அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பிற்பகல் வெயில் தரையில் விழுந்திருந்தது. உள்ளே வந்த மிக்கேல் அமலியைப் பார்த்து நின்றான்.

"நீங்களாக்கா?"

"உக்காருங்க தம்பி. மொதல்ல நான் யாருன்னு சொல்லிருதேன். அதுக்கப்புறம் கேக்கணும்னா கேளுங்க. வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிருங்க." அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். "கதவ மூடுனது நான்தான்."

அவன் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவான் என்று அமலி நினைத்தாள். போனால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அவ பேரு பிலோமினா," என்றான் கடைசியில். "பையனுக்கு அஞ்சு வயசு. தெனம் ஒரு மாதிரி நெனப்பு வருது. ஒருநாள் அவன் அவ கையவிட்டுப் போயிட்ட மாதிரி. ஒருநாள் அவ அவன விட்டுட்டு ஓடுன மாதிரி. நீங்க என்ன பாத்தீய?"

"சின்னப் பிள்ளையோட வந்தது ஒரே ஒரு பொம்பளைதான். பிள்ளை முதுகுல சிவப்புப் பை."

"பள்ளிக்கூடப் பை," என்றான். "ஞாயித்துக்கெழமயும் மாட்டிக்கிட்டுத் திரிவான்."

"அவளும் மத்தவங்களோடதான் ஓடியாந்தா. மொதல்ல கையப் பிடிச்சுக் கூட்டியாந்தா, பெறகு தூக்கிக்கிட்டா. கதவு அசையத் தொடங்குனதும் மத்தவங்க இன்னும் வேகமா வந்தாவ. அவ நின்னுட்டா. கதவயும் பாத்தா, பின்னாலயும் திரும்பிப் பாத்தா. முடியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டு. அப்படியே பாலத்துல உக்காந்துட்டா. கடலுக்கு முதுகக் காட்டி உக்காந்து, பிள்ளைய மடியில வச்சு, சேலைய எடுத்து அவன் தலைய மூடிக்கிட்டா."

"அவன் அழுதானா?"

"அழல தம்பி. அவ கடைசி வரைக்கும் அவங்கிட்ட என்னமோ பேசிக்கிட்டே இருந்தா. வாய் அசஞ்சது தெரிஞ்சுது. கேமராவுல சத்தம் கேக்காது. அவன் அத அண்ணாந்து பாத்துக் கேட்டுக்கிட்டு இருந்தான். அவ அவன விடல. நான் கடைசி வரைக்கும் பாத்தேன். கண்ண எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணிச்சு."

மிக்கேல் முகத்தைப் பொத்திக்கொண்டான். மூவரின் பட்டைகளும் கொதித்தன. அமலி எழுந்து அவன் பக்கத்தில் போகப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம்," என்றான். "நீங்க போங்க. வேற யாராவது வரட்டும்."

அவள் வெளியே வந்தாள். மற்றவர்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, தோட்டத்தின் கடைசிவரை நடந்து, பட்டையில் சூடு தெரியாத இடத்தில் நின்றாள். அங்கே நின்று அழுதாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் தனியாக அழுதது அன்று ஒருநாள்தான்.

அதன் பிறகு மிக்கேல் அவள் இருக்கும் மேசையில் சாப்பிடவில்லை. அவன் பட்டை சூடானால் வேறு யாராவது முந்திக்கொண்டு போனார்கள். ஆனால் அவன் தூங்கினான். பல மாதங்களுக்குப் பிறகு எட்டு மணி நேரம் தூங்கியதாக நசீமா சொன்னார். அவன் எடை கூடியது. தோட்டத்தில் வேலி கட்டினான். ஒருநாள் காலை நடையில் அமலிக்குப் பின்னால் வந்தவன் வேகமாக எட்டு வைத்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான்.

நடந்துகொண்டே சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். முடிந்ததும், "மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீய. அது எனக்கு வரல," என்றான்.

"நான் அதக் கேக்கல தம்பி."

"தெரியும். ஆனா இன்னும் பத்தொம்பது வீடு இருக்கு. எல்லாரும் என்னைய மாதிரிதான் கெடக்காவ. நான் வீட்டுக்குப் போயிட்டேன்னா கேப்பாவ. எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்க வரணும்."

போனால் அவள் பெயர் வெளியே வந்துவிடும். சட்டம் தந்த மறைவு போய்விடும், பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. நசீமா இதையெல்லாம் இரண்டு நாள் விளக்கினார். முடியவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிவிடலாம், அவளுடைய கட்டில் காலியாகவே இருக்கும் என்றார். அமலி படிவத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

சங்குமுனைக்காரர்களைக் கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு மறுகுடியமர்வுக் காலனியில் வைத்திருந்தார்கள். அங்கே மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் அவர்கள் கூடியிருந்தார்கள். அமலி தான் யார் என்று சொன்னதும் மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். ஒரு பெண் அவள் முகத்துக்கு நேரே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தைக்குத் தயாராக இருக்க அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் இருந்தார்கள். நசீமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

மிக்கேல் ஒவ்வொருவராக அழைத்து வந்து அவள் எதிரே உட்காரவைத்தான். எல்லோர் கையிலும் ஒரு புகைப்படம் இருந்தது. நீலச் சட்டை போட்டவர் கீழே விழுந்த ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். இரட்டையர் இருவர் கதவில் கைவைத்து நின்றதைச் சொன்னாள். சிலர் அழுதார்கள், சிலர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பிறகு கையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆறாவதாக வந்தவர் சேசையா. அறுபது வயது இருக்கும். மகளின் படத்தைத் தந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண், காதில் சின்னக் கம்மல். ரோஸ்லின் என்றார்.

அமலி படத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடங்களையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பாலத்தின் இடது பக்கம், வலது பக்கம், கதவடி. அந்த முகம் எங்கேயும் இல்லை. இருபத்து மூன்று பேரில் அவள் கண்ணில் படாத ஒருத்தி.

"நான் பாக்கலையே அண்ணாச்சி," என்றாள்.

அவர் படத்தை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்ல தாயி. இன்னொரு தடவ நல்லாப் பாரும்."

அமலி எழுந்து, வெளிச்சம் விழும் சன்னலுக்குப் படத்தைக் கொண்டுபோனாள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.