கிணற்றுக் கப்பியும் மோட்டார் சைக்கிளும்

அல்லியின் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மாடு கிடையாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் நின்றது. அதற்குப் புல்லும் வேண்டாம், தவிடும் வேண்டாம். ஆனாலும் வீட்டில் எல்லோருடைய கவலையும் அதைச் சுற்றித்தான் இருந்தது.

தலத்தெருவில் அந்த வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வது வழக்கம். அல்லியின் அப்பா நீலகண்டன் சைகோனில் சொல்தாவாக இருந்தவர். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டுபோவது அவர் வேலை. ஒருநாள் சாலையில் யாரோ புதைத்து வைத்திருந்த வெடி வெடித்துவிட்டது. அப்பா உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் வலது கால் இல்லாமல் வந்தார்.

அதன் பிறகு வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் தலையைத் திருப்பினால் அம்மா பூவாயி தண்ணீர்ச் சொம்போடு நிற்பாள். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், ஊன்றுகட்டைகளை அல்லி கொண்டுவந்து வைத்துவிடுவாள். தெருவில் இருப்பவர்களும், "நீங்க உக்காருங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள்.

எல்லாம் அன்பினால்தான். ஆனால் கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்துவிட்டதால், அப்பா வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. நாளாக ஆகப் பேச்சும் குறைந்துபோனது. அவர் பக்கத்திலேயே இருந்தும் அல்லியின் மனம் அப்பாவைத் தேடியது.

அப்போதுதான் பிரெஞ்சு அதிகாரிகள் ஊரைவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளைத் துருப்பிடித்தபடியே விட்டுவிட்டுப் போனார். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹமீது அதை அப்பாவிடம் வந்து சொன்னார். இருவருமாக அதைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலையில் அப்பா தானாகவே எழுந்து கொட்டகைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார்.

துருவேறிய நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். என்ஜினை அக்கு அக்காகக் கழற்றிச் சாக்கில் பரப்பித் துடைத்தார். அல்லி பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். "சின்னது." "அது இல்ல, வளைஞ்சது." "அந்தத் துணியை எடும்மா." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதெல்லாம் அப்பா கேட்டுக் கேட்டு வாங்கியவை. அதனால் அல்லிக்கு அந்தக் கொட்டகை மிகவும் பிடித்துப்போயிற்று.

வண்டியைத் தனக்கு ஏற்றபடி அப்பா மாற்றவும் செய்தார். கியர் போடும் கம்பி பெட்ரோல் தொட்டியின் ஓரத்தில், கையால் போடும்படி இருந்தது. அதனால் அதில் தொல்லை இல்லை. வலது காலால் மிதிக்கும் பிரேக்கை இடது காலுக்கு மாற்றினார். வண்டியை நிறுத்தினால் ஊன்றிக்கொள்ள வலது பக்கம் கால் வேண்டுமே? அந்தப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சக்கரம் வைத்தார். அதன்மேல் ஆள் உட்கார ஒரு பெட்டி தேவைப்பட்டது. அதே அதிகாரியின் வீட்டில் கிடந்த, குளிக்கிற தகரத் தொட்டியை ஹமீது தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல ஒரு பலகையைப் போட்டா அண்ணி ஜம்முனு உக்காரலாம்" என்றார் ஹமீது.

"குளிக்கிற தொட்டியில உக்காந்து நான் ஊர்கோலம் போறதா?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அதை அல்லி பார்த்துவிட்டாள்.

எல்லா வேலையும் முடிந்தது. பெட்ரோல் ஊற்றியாயிற்று. தெருவே வந்து கொட்டகை வாசலில் நின்றது. அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிறகு அப்படியே அசையாமல் இருந்தார்.

வண்டியைக் கிளப்ப ஒரு கம்பியை ஓங்கி உதைக்க வேண்டும். அந்தக் கிக்கர் வலது பக்கம் இருந்தது.

ஹமீது சட்டென்று முன்னால் வந்தார். "நான் எதுக்குண்ணே இருக்கேன்?" என்று வண்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் காலை விட்டு ஓங்கி உதைத்தார். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு படபடவென்று கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் கை நீட்டி என்ஜினை நிறுத்தினார்.

கூட்டம் கலைந்ததும் அவர் வண்டியின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். அல்லி போகாமல் நின்றாள்.

"ஏம்ப்பா மூடுறீங்க? நல்லாத்தானே ஓடுது?"

அப்பா சாக்கின் ஓரங்களை இழுத்துச் செருகினார். பிறகு, "இத்தனை மாசமா மனசுக்குள்ள நான்தாம்மா உதைச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். "பிரேக்கை மாத்தினேன், சக்கரம் வச்சேன். உதைக்கிறதுக்குக் கால் இல்லைங்கிறது மட்டும் தோணவே இல்ல."

"ஹமீது மாமா தினமும் வந்து உதைச்சி விடுவாரு."

"போற இடத்துலயெல்லாம் யாரையாவது கூப்பிடணுமே. அதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கலாம்."

அந்த வாரமே திருநள்ளாற்றிலிருந்து அரிசி மில் முதலாளி திருஞானசம்பந்தம் வந்து வண்டியைப் பார்த்தார். தண்ணீர் இறைக்க அவருக்கு ஒரு என்ஜின் வேண்டுமாம்.

"என்ஜின் மட்டும் போதும். மத்ததை அறுத்து எடைக்குப் போட்டுடலாம்" என்றார்.

அப்பா தலையசைத்தார். வெள்ளிக்கிழமை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. கொட்டகைக்கும் போகவில்லை. அவர் பழையபடி ஆகிவிட்டார் என்பது அல்லிக்குப் புரிந்தது. அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஹமீதின் மகன் காஜா மைதீன், "உன் முறைதான், விடு" என்றான். அல்லிக்கு விளையாட மனமே இல்லை. பம்பரத்தில் சாட்டையைச் சுற்றி, ஏனோதானோவென்று வீசி இழுத்தாள். பம்பரம் தரையில் நின்று உர்ரென்று சுற்றியது.

அல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பம்பரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, கொட்டகைக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"வாங்கப்பா."

அவர் வந்தார். அல்லி அவர் முன்னால் பம்பரத்தை விட்டாள். "இது சுத்துறதுக்கு யாரும் உதைக்க வேணாம். கையால இழுத்தாப் போதும்."

பிறகு சாக்கை விலக்கி, வண்டியின் இடது பக்கத்தைக் காட்டினாள். அங்கே வெளியே தெரியும்படி கனமான வட்ட இரும்புத் தட்டு ஒன்று இருந்தது. என்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதைச் சுற்றினால் என்ஜினும் சுற்றும். அல்லி எத்தனையோ தடவை அதைத் துடைத்திருக்கிறாள்.

அப்பா பம்பரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "கயிறு எடும்மா" என்றார்.

கயிற்றைத் தட்டில் சுற்றி இழுத்தார். ஊன்றுகட்டை பிடித்துப் பிடித்து அவர் கைகள் உரமேறியிருந்தன. ஆனால் தட்டின் ஓரம் வழுவழுவென்று இருந்ததால் கயிறு நழுவி விழுந்தது. எத்தனை தடவை சுற்றினாலும் நழுவியது.

"கயிறு உக்கார ஒரு பள்ளம் வேணும்" என்றார் அப்பா. குரல் மறுபடியும் தணிந்துவிட்டது.

கயிறு உட்காரும் பள்ளம். அது எங்கே இருக்கிறது என்று அல்லிக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அல்லி, கிணத்துல கப்பியைக் காணோம். நீ எடுத்தியா?"

அல்லி இரும்புக் கப்பியை மார்போடு அணைத்தபடி நின்றாள். "அப்பா வண்டிக்கு வேணும்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். கொட்டகைக்குள் அப்பா வண்டியருகே குனிந்து ஏதோ அளந்துகொண்டிருப்பதையும் பார்த்தாள். பிறகு கிணற்றின் விளிம்பில் சாய்ந்து, வெறும் கயிற்றால் தண்ணீரைச் சேந்தத் தொடங்கினாள்.

ஹமீது தன் கடையில் துளை போட்டு, கப்பியை அந்தத் தட்டோடு சேர்த்து முடுக்கினார். திருவேட்டக்குடி மீன்காரர்களிடம் வாங்கிய வலைக் கயிற்றின் நுனியைக் கப்பியில் இறுக்கிக் கட்டினார். அப்பா ஏறி உட்கார்ந்து ஒரு இழு இழுத்தார்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் கயிறும் அதோடு சேர்ந்து சுற்றி, அப்பாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டது. என்ஜின் விக்கி விக்கி நின்றுவிட்டது. அப்பாவின் உள்ளங்கையில் இரத்தம் கசிந்தது.

"வேணாம்ணே, விட்டுடுவோம். கை போயிடும்" என்றார் ஹமீது.

அல்லிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கயிற்றைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள்.

"மாமா, பம்பரத்துல சாட்டையைக் கட்ட மாட்டோம். சும்மா சுத்துறதோட சரி. இழுத்ததும் அதுவே கழண்டு வந்துரும்."

ஹமீது தலையில் கை வைத்துக்கொண்டார். "காஜாவோட பம்பரத்தை எத்தனை தடவை பாத்திருக்கேன். இது தெரியாமப் போச்சே."

கப்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். கப்பியின் ஓரத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு போட்டார். கயிற்று நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சு அந்த வெட்டில் உட்காரும். இழுத்து முடிந்ததும் கழன்றுவிடும்.

அது முடிவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

"உங்க கையில காயம் இருக்கு. நான் இழுக்கறேண்ணே" என்று ஹமீது கயிற்றை எடுத்தார்.

அல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இழுக்காதீங்க மாமா. அப்பா இழுக்கட்டும்."

ஹமீது கயிற்றை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா காயத்தின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, கயிற்றைக் கப்பியில் நிதானமாகச் சுற்றினார். இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சுற்றினார். மறுபடி இழுத்தார். கயிறு சரேலென்று கழன்று அவர் கையோடு வந்தது. என்ஜின் படபடவென்று ஓடத் தொடங்கியது.

யாரும் கை தட்டவில்லை. ஹமீது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். "என்னங்க, தனியாவா போறீங்க? ஹமீது தம்பியையாவது கூட்டிக்கிட்டுப் போங்க."

"போயிட்டு வந்துடறேன்" என்றார் அப்பா. ஊன்றுகட்டைகளைத் தொட்டிக்குள் வைத்தார். கியரைப் போட்டார். மூன்று சக்கரமும் உருண்டு தெருவில் இறங்கின.

கொஞ்ச நேரத்தில் திருஞானசம்பந்தம் மாட்டுவண்டியோடு வந்து சேர்ந்தார். வண்டியைக் கேட்டார்.

"அப்பா ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள் அல்லி. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. அம்மா உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தெருமுனையில் சத்தம் கேட்டபோது முதலில் எழுந்தவள் அவள்தான்.

அப்பா வாசலில் வந்து நிறுத்தினார். முகமெல்லாம் புழுதி. தொட்டிக்குள் ஈரச் சாக்கின்மேல் பளபளவென்று மீன்கள்.

"திருவேட்டக்குடி வரைக்கும் போனேன். அப்பத்தான் வலை கரைக்கு வந்துச்சு" என்றார்.

திருஞானசம்பந்தம் சுத்த சைவம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க. வண்டியைக் கொடுக்கறதா இல்ல" என்றார் அப்பா.

மில் முதலாளி கப்பியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அப்பாவின் கையில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். "ஓடுற வண்டியை அறுக்க எனக்கும் மனசு வராதுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டார்.

அப்பாவின் உதடுகள் காய்ந்திருந்தன. அம்மா வழக்கம்போலச் சொம்பை எடுக்க உள்ளே திரும்பினாள். அல்லி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, அப்படியே நின்றாள்.

"பூவாயி, தாகமா இருக்கு" என்றார் அப்பா. "ஒரு சொம்பு தண்ணி கொடேன்."

அம்மா கொண்டுவந்தாள். வந்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. அப்பா மிச்சத்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போயி ஒரு புதுக் கப்பி வாங்கணும். கூட யாரு வர்றீங்க?"

அல்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மீன்களைக் கூடையில் அள்ளினாள். காலியான தொட்டியைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"முதல்ல இந்தக் கவுச்சி போகக் கழுவுங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

அல்லி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். கப்பி இல்லாத கிணற்றில் தண்ணீர் சேந்துவது கஷ்டம்தான். தொட்டியைக் கழுவி முடிக்க எத்தனையோ வாளி வேண்டியிருந்தது. ஒரு வாளிகூட அவளுக்குக் கனக்கவில்லை.