ஒரு சாண் இடப்பக்கம்

ராத்திரி முழுக்கச் சுவரோரம் சாத்திக் கிடந்த துப்பாக்கியின் கட்டை, விடிந்ததும் தொட்டபோது சூடாக இருந்தது. நேற்றும் அப்படித்தான். சுடுகிறவன் கன்னம் பதிக்கும் இடத்தில் ஒரு குழிவு, அதில் மட்டும் ஈரம். ரத்தினசாமி துண்டால் துடைத்தான். துண்டில் வியர்வை நாற்றம் அடித்தது. பயப்பட வேண்டிய விஷயந்தான் என்று தோன்றியது, ஆனால் பயம் வரவில்லை. வள்ளி போனதிலிருந்து அவனுக்குள் எல்லாமே மரத்துப்போய்க் கிடந்தது.

வள்ளி அவன் மைத்துனன் சென்னப்பனின் ஆறு வயது மகள். காட்டோரத்து ஹனூரில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்ப் பதினைந்து நாளாகிறது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய துப்பாக்கியோடு சென்னப்பன் பரண்மேல் காத்திருந்தான். இரண்டு முறை சிறுத்தை எதிரே வந்து நின்றது. இரண்டு முறையும் குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போனது. மைசூரில், மண்டி மொஹல்லாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் அக்கா புருஷனிடம் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"சீக்கிரமா நான் பரண்மேல இருக்கோணும் மாமா. இன்னொரு புள்ளைய அது தூக்கறதுக்குள்ள."

மூன்று நாளாக ரத்தினசாமி செய்யாத வேலை இல்லை. குழல் உரசாதபடி கட்டையின் உட்புறத்தைச் சீவினான். குழல் நுனியில் குறிபார்க்க இருந்த முளையை நகர்த்தினான். ஊரோரத்திலிருந்த தன் வீட்டுக் கொல்லையில், மண்சுவரில் சுண்ணாம்பு வட்டம் போட்டுச் சுட்டான். ஒரு சாண் இடப்பக்கம். மறுபடி முளையை நகர்த்தினான். அதே ஒரு சாண். ஐந்து குண்டும் ஒரே பொத்தலில். அட, குறி தப்புகிற துப்பாக்கி இப்படியா தப்பும்!

"இத வெச்சிருந்த சிப்பாய் ஜெர்மன் சண்டையில ஒருத்தரையும் கொல்லலையாமுங்க" என்றான் சென்னப்பன். "வேணும்னே தள்ளித் தள்ளிச் சுடுவானாம். ஏலத்துல சொல்லிச் சிரிச்சாங்க."

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. உளியை எடுத்து, சிப்பாயின் கன்னம் பதிந்த அந்தக் குழிவை மட்டமாகச் சீவித் தள்ளினான். சீவல்கள் ஈரமாகச் சுருண்டு விழுந்தன. வெந்நீர் அடுப்பில் போட்டான். முடி கருகும் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

அன்று ஆயுத பூஜை. அரண்மனைப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மாதேவி துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, உள்ளே குங்குமம் அடைத்த பூசணிக்காயைப் புருஷனிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, காவு குடுக்காம ஆயுதத்தத் தொடக்கூடாது. மொதல்ல இத ஒடைங்க."

"இதையே குறியா வெச்சுச் சுட்டுப் பாக்கறேன். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்."

"நல்லாருக்குது உங்க கணக்கு" என்று முணுமுணுத்தாள்.

பூசணிக்காய் சுவர்மேல் ஏறியது. குண்டு விழும் இடத்தைப் பார்க்க, சென்னப்பன் அதற்கு வலப்பக்கம் இரண்டு முழம் தள்ளி நின்றான்.

"எடப்பக்கந்தானே போவும் மாமா. சுடுங்க."

ரத்தினசாமி கன்னத்தைப் பதித்தான். மேளச் சத்தம் நின்றுபோனது. மூன்று நாளாகக் குழலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் குழிவோடு போயிருந்தது. இல்லாமல் போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

குழல் தானாகத் திரும்பியது.

வலப்பக்கம்.

மெதுவாக.

கத்தப் பார்த்தான். வாய் அசையவில்லை. விரல் அசைந்தது.

பூசணிக்காய் உடையாமல் இருந்தது. பக்கத்தில் சென்னப்பனைக் காணவில்லை. அவன் நின்ற இடத்தில் சுவர் சிவந்திருந்தது.

கன்னம் கட்டையை விட்டு வரவில்லை. மரம் அவன் முகத்தின் அளவுக்குச் சூடாகக் குழிந்தது. கை தானாக அடுத்த குண்டை ஏற்றியது.

"தம்பீ!" மாதேவி சுவரை நோக்கி ஓடினாள்.

குழல் அவள் முதுகோடு நகர்ந்தது.

ரத்தினசாமி இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தான். இடப்பக்கம். சாமீ, ஒரு சாண். ஒரே ஒரு சாண்.

விரல் மடங்கியது.