பதினோரு நிமிடம் குறைவு

ஸ்ரீவில்லிபுத்தூரில் சமுத்திரம் வீட்டில் நான் போய் இறங்கியபோது காலை பத்து மணி. அவர் மகளுக்குக் காதுகுத்து. ஐந்து மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு நான் ஒப்புக்கொண்ட முதல் வேலை அது. பழைய காரை வீடு. வாசலில் வெயில் கொளுத்தியது; உள்ளே நாலு எட்டு வைத்தால் கண் தெரியவில்லை. ஈரச் சுவர் வாடையும் சந்தன வாடையும் கலந்து வந்தது.

"வாங்க பாய். உள் ரூம்புலதான் காது குத்துதோம். வெளிச்சம் பத்துமான்னு பாருங்க" என்றார் சமுத்திரம்.

கேமராவில் கார்டைப் போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மீதி நேரத்தைப் பார்த்தேன். காலிக் கார்டு என்றால் இரண்டு மணி பத்து நிமிடம் காட்டும். ஒரு மணி ஐம்பத்தொன்பது காட்டியது.

மறுபடி அழித்தேன்.

ஒரு மணி ஐம்பத்தொன்பது.

பதினோரு நிமிடம் குறைந்தது. அது எந்தப் பதினோரு நிமிடம் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் நைனா முகமது. ராஜபாளையத்தில் வீடியோ எடுக்கிறவன். பன்னிரண்டு வருடம் கேசட்டில்தான் எடுத்தேன். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்து முடித்ததும் கேசட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழை நகத்தால் தள்ளிப் பூட்டி, பெயர் எழுதி, அலமாரியில் வைப்பேன். பூட்டிய கேசட்டின் மேல் திரும்ப எதுவும் பதிவாகாது. பூட்டினால் பத்திரம். என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் மகள் சப்ரீனுக்கு நோன்புப் பெருநாளுக்கு நோன்புப் பெருநாள் ஒரு கேசட். தொழுதுவிட்டு வந்ததும் புதுத்துணியில் அவளை வாசலில் நிற்க வைத்து எடுப்பேன். ஏழு பெருநாள், ஏழு கேசட். எட்டாவது பெருநாளுக்குக் கார்டு கேமரா வாங்கியிருந்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பச்சைப் பாவாடையில் நின்றவள் கிட்டே வந்து கேமராவில் காதை வைத்துப் பார்த்தாள்.

"அத்தா, சுத்துற சத்தமே வரலையே. நான் உள்ள இருக்கேனா?"

"உள்ளதான் இருக்க, தாயி. பேசு."

பதினோரு நிமிடம் பேசினாள். விழுந்த பல்லைக் காட்டினாள், மருதாணிக் கையைக் காட்டினாள், பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் பெருநாள் வாழ்த்துச் சொன்னாள். அன்று சாயங்காலம் கார்டின் ஓரத்திலும் அதே மாதிரி ஒரு தாழ் இருந்ததைப் பார்த்து நகத்தால் தள்ளிப் பூட்டினேன். கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. அதுதான் பூட்டியாயிற்றே!

மூன்றாம் நாள் மகாராஜபுரத்தில் ஒரு கல்யாணம். என்னிடம் இருந்தது அந்த ஒரே கார்டு. மாப்பிள்ளை வந்து இறங்குகிற நேரத்தில் கேமரா வேலை செய்ய மறுத்தது. திரையில் பூட்டுப் படம். மேளம் கொட்டுகிறார்கள், பெண் வீட்டார் என்னையே பார்க்கிறார்கள். தாழைத் தள்ளினேன். வேலைக்கு முன்னால் கார்டை அழித்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். அழித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதன் மேல் ஒரு முழுக் கல்யாணம் ஏறியிருந்தது. மதுரையில் தெரிந்தவரிடம் கொடுத்து மீட்கப் பார்த்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும்தான் வந்தார்கள். போகட்டும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படுபாவி, அப்படித்தான் நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து நாற்பதாம் நாள் சப்ரீன் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்து என் மனைவி நூர்பானு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பெருநாளைக்கு எடுத்தீகளே, அதைக் காட்டுங்க." எடிட்டிங் நடக்கிறது என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

சமுத்திரம் வீட்டு உள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன். ஆசாரி கம்பியை எடுத்தார். பிள்ளை வாயைத் திறந்து வீறிடுவது திரையில் தெரிந்தது.

காதில் சத்தமே இல்லை.

மருதாணி வாடை அடித்தது.

"அத்தா."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டில் யாரும் யாரையும் அத்தா என்று கூப்பிட மாட்டார்கள்.

"அத்தா, நான் உள்ள இருக்கேனா?"

பெற்ற மகள் கேட்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பயந்துபோய் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை.

மதியமே வீட்டுக்கு வந்து நூர்பானுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததை, பொய் சொன்னதை, கேட்டதை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்புட்டு நேரம் கொறையுது?" என்றாள்.

"பதினோரு நிமிசம்."

"கேமராவைக் குடுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். காலையில் எடுத்த காதுகுத்துகூட அதில் ஏறவில்லை; படம் எதுவும் இல்லை என்ற எழுத்து மட்டும் திரையில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செத்த நேரத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"உள்ளதான் இருக்க, தாயி" என்று மெதுவாகச் சொன்னாள்.

சரியாகப் பதினோராவது நிமிடம் ஹெட்போனைக் கழற்றினாள். கடிகாரத்தை அவள் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று கேமரா மாற்றிவிட்டேன். எந்தக் கார்டையும் நான் அழிப்பதில்லை. வேலைக்கு ஒன்று புதிதாக வாங்குகிறேன். உறை பிரித்த கையோடு போட்டாலும் பதினோரு நிமிடம் குறைவாகத்தான் காட்டுகிறது. பெருநாள் காலையில் நூர்பானு புதுக் கார்டைப் போட்டுக் கேட்கிறாள். அவள் கழற்றியதும் நான் மாட்டிப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

இந்தப் பெருநாளைக்குத்தான் துணிந்து கேட்டேன்.

"என்ன சொல்லுதா?"

நூர்பானு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தா ஏன் பதில் சொல்ல மாட்டேங்காகன்னு கேக்கா."

கேமராவை வாங்கிப் பதிவை ஓடவிட்டு, மைக்கில் வாயை வைத்துச் சொன்னேன். உள்ளதான் இருக்க, தாயி. உள்ளதான் இருக்க. திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். நான் பேசியது எதுவும் பதிவாகவில்லை. அந்தப் பதினோரு நிமிடம் மட்டும் அப்படியே குறைந்திருந்தது.